நூற்றுக்கு ஆறு

தான் எறியும் பந்தை யாராவது அடித்துவிடுவார்களோ என்று மரியோ சூசைதாசன் ஒருநாளும் பயந்ததில்லை. அடிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்களோ என்ற பயம்தான் பதினைந்து வருடமாக அவனோடு கூடவே திரிந்தது.

பேஸ்போல் பார்த்துப் பழகாதவர்களுக்கு இந்தப் பயம் விளங்காது. பந்தெறிகிறவனைப் பிச்சர் என்பார்கள். அவன் அடிப்பவனின் முழங்காலுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, தரையில் பதித்த வெள்ளைத் தட்டின் அகலத்துக்குள்ளே எறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்கு வெளியால் நான்கு பந்து போய்விட்டால், அடிப்பவன் மட்டையைப் போட்டுவிட்டு, பூசை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி ஆறுதலாக, ஓட்டம் எடுக்கச் சுற்ற வேண்டிய நான்கு தரிப்புகளில் முதலாவதான பேஸுக்குப் போவான். அவன் ஓடவும் வேண்டாம், வியர்க்கவும் வேண்டாம். இதற்கு வோக் என்று பெயர். அடி வாங்கினால் அடித்தவன் கெட்டிக்காரன் என்று மனதைத் தேற்றலாம். வோக் கொடுத்தவன் யாரைச் சாட்டுவது? நூறு பேருக்கு எறிந்தால் எத்தனை பேரை இப்படிச் சும்மா அனுப்பி வைக்கிறான் என்று லீக்கில் எழுதி வைப்பார்கள். ஒரு பிச்சரின் சாதகக் குறிப்பு அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும்.

அதிலும் மரியோ றிலீவர். ஆட்டத்தைத் தொடங்கிய பிச்சர் களைத்த பிறகு, எதிராளிகள் பேஸுகளில் நின்று ஆர்ப்பரிக்கும் நேரத்தில், தீயணைக்கக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார்கள். தீயணைக்க வருகிறவன் மண்ணெண்ணெய் வாளியோடு வரக்கூடாது. வோக் கொடுக்கும் றிலீவர் அப்படித்தான் வருகிறான்.

பத்தொன்பது வயதில், ஒகாயோவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு எறிந்தபோது மரியோவின் எண் பதினாறு. இருபத்திரண்டில், சோளக் காட்டுக்கு நடுவே மைதானம் வைத்திருந்த ஒரு சில்லறை லீக்கில், பதின்மூன்று. அடுத்த வருடம் பதினொன்று. அதற்கு அடுத்த ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் புறப்படும் நேரத்தில் அவனுடைய பையை மட்டும் கீழே இறக்கச் சொன்னார்கள். ரொறன்ரோ திரும்பினான். ஸ்காபரோவில் ஹெரன்ஸ் என்ற அணி, சம்பளமில்லாத லீக், வார இறுதி ஆட்டங்கள். அங்கே பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. 2019 கோடையில், அவனுக்கு இருபத்தெட்டு வயதானபோது, ஆறுக்கு வந்தது. அந்த வருடம் அந்த லீக்கில் நூற்றுக்கு ஆறுக்குக் கீழே ஒருத்தனும் இல்லை.

அதற்கடுத்த வருடம் நோய் வந்து உலகமே கதவைச் சாத்தியது. திறந்தபோது அவனுக்கு முப்பது. ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. இறங்கிய படிகளில் எண் திரும்பவும் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த ஆறைப் பற்றி அவன் குடியிருக்கும் மல்வேர்னில் ஒரு குருவிக்கும் தெரியாது. அதற்குக் காரணம் அவனுடைய அம்மா கிளடிஸ்.

கிளடிஸுக்குப் பேசாலை சொந்த ஊர். எண்பத்தொன்பதில் ரொறன்ரோ வந்து, ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடம் வேலை செய்து, கணவனைப் புதைத்து, மகனோடு பதினோராம் மாடியில் இருப்பவள். நல்லதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். மகன் கல்லூரிக்குப் போனபோது, "ஏதோ அங்காலை எங்கையோ போறான்" என்றாள். புதுக் கார் வாங்கியபோது, "ஆரோ பாவிச்சது" என்றாள். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் யாராவது, "மகன் எப்பிடி எறியிறார்?" என்று கேட்டால் முகத்தைச் சுருக்கிக்கொள்வாள். "என்னத்தை எறியிறான். கை நோகுது, கால் நோகுது எண்டு திரியிறான்." நாவூறு பொல்லாதது. கல்லெறி பட்டாலும் கண்ணெறி படக்கூடாது. மாதாவின் காவல் ஒரு பக்கம் இருக்கட்டும், உப்பும் மிளகாயும் இன்னொரு பக்கம் இருப்பதை மாதா கோபிக்க மாட்டா என்பது அவளுடைய நம்பிக்கை.

முன்பெல்லாம் ஆட்டத்துக்குப் போகும் நாளில் மகனை இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி எடுத்து, தாச்சியில் போட்டு எரிப்பாள். 2021 ஜூனில் ஒருநாள் அந்தப் புகைக்குக் கட்டடத்தின் நெருப்பு மணி அடித்துவிட்டது. பதினான்கு மாடிச் சனமும் சாரத்தோடும் நைற்றியோடும் இறங்கிப் புல்லில் நிற்க, தீயணைப்பு வண்டி மூன்று வந்தது. மனேஜர் கடிதம் கொடுத்தார். அதன் பிறகு கிளடிஸ் மிளகாயைச் சுற்றி எடுத்து, எரிக்காமல் குப்பைக் குழாயில் போட்டாள்.

"எரியாத மிளகாயாலை என்ன பலன்? அந்த வருஷத்திலையிருந்துதானே ஏறத் தொடங்கினது" என்பது அவளுடைய கட்சி. மரியோ சிரிப்பான். ஆனால் ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு என்று எண்கள் வரிசையில் நின்று அம்மாவுக்கே சாட்சி சொல்லின.

உண்மையான காரணத்தை இந்த ஏப்ரலில்தான் அவன் கண்டுபிடித்தான். மரியோவுக்கு வேலை மூக்குக்கண்ணாடி வில்லை வெட்டும் ஒரு பட்டறையில். வெட்டிய வில்லையை இடது கையால் எடுத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, தட்டில் வைக்க வேண்டும். எறிவதும் இடது கையால்தான். ஏப்ரலில் ஒருநாள் விளிம்பைத் தடவினான், சின்னவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மோதிரவிரலுக்கும் தெரியவில்லை. வில்லை கீழே விழுந்தது. அந்த வாரம் நான்கு விழுந்தன. டாக்குத்தர் முழங்கையை மடக்கிப் பார்த்தார், ஊசி குத்திப் பார்த்தார். நரம்பு நசிந்துவிட்டது, எறிவதை நிற்பாட்டாவிட்டால் அந்த இரண்டு விரலும் திரும்பி வராது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மரியோ அதை நாலாக மடித்துக் காரின் முன்தட்டில், பழைய காப்புறுதிக் கடதாசிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினான்.

எப்படி நிற்பாட்டுவது? ஷரோன் என்றொருத்தி, அவனுக்காக நான்கு வருடம் பார்த்திருந்தவள். ஒவ்வொரு செப்டெம்பரும், "இந்த சீசனோடை விடுறன்" என்று அவளுக்குச் சொன்னான். நான்காவது செப்டெம்பரில் அவள் சிரித்துக்கொண்டே, "நீ விடமாட்டாய், மரியோ. இட்ஸ் ஓகே" என்றாள். இப்போது கலியாணம் முடித்து ஏஜக்ஸ் பக்கம் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். ஷரோனைக் கொடுத்தான், படிப்பைக் கொடுத்தான், முழங்கையைக் கொடுத்தான். இனி விட்டால் கையில் மிச்சம் என்ன? விழுந்து உடைகிற வில்லைகள்தான்.

அதனால் நோவுக் குளிசையை மூன்று மூன்றாக விழுங்கிவிட்டு மே மாதம் எறியப் போனான். என்ன அதிசயமோ, மூன்று விரலால் பிடித்த பந்து சொன்ன சொல் கேட்டது. நாற்பத்திரண்டு பேருக்கு எறிந்து இரண்டே இரண்டு வோக். இரவில் முழங்கையைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கிடந்து, அந்த எண்ணை நினைத்துச் சிரித்தான்.

ஜூன் பிறந்ததும் அணியின் மனேஜர் டெனிஸ் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், மொட்டைத் தலை, நல்ல மனிதர். ஏன் என்று கேட்டால் தோளில் தட்டி, "ஆறுதலாக இரு" என்பார். பத்து ஓட்டம் பின்னால் நிற்கும் ஆட்டங்களில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுப்புவார். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுந்தவனின் கை, சாவி தொலைத்தவன்போலப் பெட்டியைத் தேடியது. இருபத்திரண்டு பேருக்கு ஏழு வோக். எண் மறுபடியும் பதினான்கில் வந்து நின்றது.

ஓகஸ்ட் முதலாவது ஞாயிறு, பகல் இரண்டு மணி ஆட்டத்துக்கு முன் டெனிஸ் அவனைப் பெஞ்சின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நாளைக் காலை பிளேஓஃப் இறுதிச் சுற்றுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். இடதுகைக்காரன் ஒருத்தனுக்குத்தான் இடம். புதிதாக வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது."

"தெரியும்."

"பட்டியலில் இல்லாதவனை அடுத்த வருடம் கூப்பிடுவதில்லை, அதுவும் உனக்குத் தெரியும். இன்றைக்கு எட்டாவது இன்னிங்ஸ் உன்னுடையது. ஒரு வோக்கும் கொடுக்காமல் முடித்துத் தா, உன் பெயரைக் கொடுக்கிறேன்." டெனிஸ் குரலைத் தாழ்த்தினார். "உன் கை அப்படியிருக்கும்போது கேட்கக்கூடாதுதான்."

"எப்படியிருக்கும்போது? யார் சொன்னது?"

"உன் அம்மா. மே மாதமே சொல்லிவிட்டார். உனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் நான் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு மாதமாக உன்னை உட்கார வைத்தது ஏன் என்று நினைத்தாய்? உன் கையைக் காப்பாற்றத்தான்."

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மடிப்புக் கதிரையில், குடைக்குக் கீழே கிளடிஸ் செபமாலையோடு இருந்தாள். பக்கத்தில் தேநீர்ப் போத்தலோடு மக்டலீன் அன்ரி. பூசையானாலும் ஆட்டமானாலும் இருவரும் சோடியாகத்தான் வருவார்கள். மல்வேர்ன் முழுவதிலும் கிளடிஸ் அதிகம் பயப்படும் கண்ணும் மக்டலீனுடையதுதான்.

"அம்மா, ஒருக்கா இஞ்சாலை வாங்கோ."

"என்ன மோனை, தண்ணி வேணுமோ?" என்று வேலியோரம் வந்தாள்.

"டெனிஸுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஆர் டெனிஸ்?"

"கோச், அம்மா. மே மாசம். என்ரை கையைப் பற்றி."

கிளடிஸ் யோசித்தாள். முகம் மலர்ந்தது. "ஓ, அந்த மொட்டையர்! தங்கமான மனிசன். வந்து, உங்கடை மகன் இந்த வருஷம் பெஸ்ற், கை எப்பிடி எண்டு கேட்டார். உரத்துக் கேட்டார் மோனை! மக்டலீன் பக்கத்திலை, அவளின்ரை மருமகள் அங்காலை, பின்னுக்கு இன்னும் ஆரோ பொம்பிளையள். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது."

"அதுக்கு?"

"நோ குட் சேர் எண்டன். பெயின், பெயின். ஃபுல் நைட் நோ ஸ்லீப் எண்டன்." சொல்லும்போது தன் ஆங்கிலத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஜீசஸ், அம்மா!"

"ஆண்டவற்றை பேரை வீணாய் எடுக்காதை."

"அந்தாள் நம்பிட்டுது, அம்மா. தட்ஸ் வை என்னை எறிய விடேல்லை. இரண்டு மாசம்! நீங்கள் சொன்னதாலை."

"நம்புறதோ?" கிளடிஸ் உண்மையாகவே திகைத்துப்போனாள். "உதை ஆரும் நம்புவினமே? பெத்த தாய் தன்ரை பிள்ளை நல்லாய் இருக்கிறான் எண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்லுவாளோ? நோகுது எண்டு சொன்னா, நல்லாய் இருக்கிறான் எண்டுதானே விளங்கோணும். உது சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

"வெள்ளைக்காரருக்குத் தெரியாதம்மா."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"போய்ச் சொல்லு, அம்மா பொய் சொன்னவ எண்டு. எனக்குப் பறுவாயில்லை. பாவசங்கீர்த்தனத்திலை சாமியாருக்கும் சொல்லிப்போடுறன். போ, போய்ச் சொல்லு." திரும்பியவள், நின்று கேட்டாள். "கை நோகேல்லைத்தானே மோனை?"

மரியோ இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டான். "இல்லை."

"ஒண்டுமில்லையே?"

"இல்லை எண்டு சொல்றனெல்லே."

அவன் யாருக்கும் சொல்லாமல் காருக்குள் பூட்டி வைத்ததை, ஒன்றும் தெரியாத அம்மா பொய்யென்று நினைத்து ஊரறியச் சொல்லியிருக்கிறாள். நோவு, நித்திரையில்லாத இரவு, ஒன்றும் விடவில்லை. டாக்குத்தரின் கடிதத்தில்கூட நித்திரை பற்றி இல்லை.

பெஞ்சுக்குத் திரும்பிப் போய் டெனிஸிடம் விளக்கினான். எங்கள் ஆட்கள் அப்படித்தான், நல்லதைச் சொன்னால் கெட்டுவிடும் என்று பயம், அம்மா பழக்கத்தில் சொன்ன பொய் அது. டெனிஸ் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் இரண்டு மாதம் நான்..." தலையைத் தடவினார். "கடவுளே. நாற்பத்திரண்டு பேருக்கு இரண்டு வோக் கொடுத்தவனை நான் பெஞ்சில் வைத்திருந்தேனா? கை நன்றாகத்தான் இருக்கிறதா, மரியோ?"

"நூறு வீதம்" என்றான் மரியோ.

அவன் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் இப்படியொரு நல்ல எண்ணை வெளியில் சொன்னதில்லை. சொன்ன முதலாவது எண்ணே பொய்.

எட்டாவது இன்னிங்ஸ். ஹெரன்ஸ் ஐந்து, எதிரணி மூன்று. பேஸுகளில் ஒருவரும் இல்லை. மூன்று பேரை வெளியேற்றினால் போதும். பந்தெறியும் மண்மேட்டில் ஏறி நின்றபோது வெயில் தார்போல் ஒட்டியது. தொப்பிக்குள்ளே அம்மா தைத்து வைத்த மாதாவின் துணிப்படம் நெற்றியில் உராய்ந்தது. முழங்கைக்குள்ளே யாரோ சின்ன அரத்தால் அராவுவதுபோல நோவு தொடங்கிவிட்டது. குளிசையின் வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. இன்னும் மூன்று பேர். மூன்றே மூன்று பேர், மாதாவே.

முதலாவது ஆளுக்கு எறிந்த நான்கு பந்தும் தட்டுக்கு வெளியே, ஒரே பக்கம், ஒரே அளவு. எதிராளி மட்டையை அசைக்கவேயில்லை. வோக்.

இரண்டாவது ஆளுக்கு அந்தப் பிழையைத் திருத்தப் பார்த்தான். பந்து உயரப் போனது. தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கச்சர் எழும்பித் துள்ளிப் பிடித்தான். ஒரு பந்து பெட்டிக்குள் விழுந்தது, நெஞ்சில் உயிர் வந்தது. அடுத்த மூன்றும் விழவில்லை. வோக்.

எதிரணிப் பெஞ்சில் ஒருவன் கத்தினான். "ஒருத்தரும் அடிக்காதேங்கோடா! சும்மா நில்லுங்கோ, அவரே அனுப்பி வைப்பார்!" அது தமிழ்ப் பெடியன் ஒருவனின் குரல். மரியோவுக்கு ஆங்கிலத்தில் ஏச்சுக் கேட்டுப் பழக்கம். தாய்மொழியில் கேட்டது இன்றைக்குத்தான். அது எலும்புவரை போனது.

மூன்றாவது ஆளும் சும்மா நின்றான். மரியோ அவனையும் அனுப்பி வைத்தான்.

மூன்று பேஸும் நிறைந்துவிட்டன. ஒரு வோக்கும் கூடாது என்ற பேச்சு எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் டெனிஸ் எழும்பி வரவில்லை. மரியோவுக்கு விளங்கியது. இரண்டு மாதம் அநியாயமாக இருத்தி வைத்தவனை இன்றைக்கு இறக்க அவருக்கு மனம் வரவில்லை. அவன் சொன்ன பொய்யே அவனை அந்த மேட்டில் கட்டிப்போட்டிருந்தது.

நான்காவது ஆளுக்கு முதலாவது பந்து வெளியே. இரண்டாவதும் வெளியே. மூன்றாவதை, அடித்தால் அடித்துக்கொண்டு போகட்டும் என்று, பிள்ளைக்குத் தேசிக்காய் எறிவதுபோல நடுவில் மெதுவாக எறிந்தான். எதிராளி அதையும் பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டிக்குள் விழுந்தது. அடியேனடா, என்று மரியோ மனதுக்குள் கெஞ்சினான். தயவுசெய்து அடி.

அடுத்த பந்துக்குக் கையை ஓங்கினான். ஓங்கிய கையில் பந்து இருக்கவில்லை.

அது அவனுக்குப் பின்னால், மேட்டின் சரிவில் உருண்டுகொண்டிருந்தது. எப்போது நழுவியது என்று விரலுக்குத் தெரியவில்லை. வில்லை விழுந்தபோதும் இப்படித்தான். அம்பயர் கையைத் தூக்கினார். எறியத் தொடங்கிய பிச்சர் பந்தைக் கீழே போட்டால் பேஸில் நிற்கிற எல்லோருக்கும் ஒரு பேஸ் முன்னேற்றம். மூன்றாவது பேஸில் நின்றவன் சிரித்துக்கொண்டே வந்து வெள்ளைத் தட்டில் கால் வைத்தான். ஐந்துக்கு நான்கு. அந்தத் தமிழ்க் குரல்கூட அடங்கிவிட்டது.

மரியோ குனிந்து பந்தை எடுத்தான். இரண்டு விரலும் வேறு யாருடையவோபோலத் தொங்கின. எழும்பும்போது வேலிக்கு அப்பால் அம்மா எழுந்து நிற்பதைக் கண்டான். குடை சரிந்து கிடந்தது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னும் ஒரு பந்து எறிந்தான். ஏன் எறிந்தான் என்று அவனுக்குத் தெரியாது. பதினைந்து வருடப் பழக்கம் எறிந்தது. அது தரையில் குத்திப் போனது. மூன்று பந்து வெளியே, ஒன்று உள்ளே. இன்னும் ஒன்று வெளியே போனால் நான்காவது வோக்.

அப்போதுதான் அவன் வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தான். பெஞ்சைப் பார்த்துக் கையைக் காட்டி, மனேஜரைத் தானே கூப்பிட்டான்.

டெனிஸ் ஓடி வந்தார்.

"என் அம்மா உங்களிடம் பொய் சொல்லவில்லை" என்றான் மரியோ.

"எதைப் பற்றி?"

"கையைப் பற்றி. ஏப்ரலிலிருந்து. இரண்டு விரலில் உணர்வில்லை. டாக்குத்தர் நிற்பாட்டச் சொன்ன கடிதம் காருக்குள் இருக்கிறது. பொய் சொன்னது நான்தான்."

டெனிஸ் அந்தக் கையைப் பார்த்தார். "நித்திரையில்லை என்று சொன்னாரே, அது?"

"அதுவும்தான்."

அவர் உள்ளங்கையை விரித்தார். மரியோ பந்தை வைத்தான். வைத்தபோதும் பெருவிரல் அதைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. டெனிஸ் இழுக்கவில்லை. அதுவாக விடும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பேஸ்போலில் ஒரு கொடுமையான சட்டம் இருக்கிறது. மூன்று பந்து வெளியே போன நிலையில் பிச்சரை மாற்றி, புதிதாக வந்தவன் நான்காவதையும் வெளியே எறிந்தால், அந்த வோக் விட்டுவிட்டுப் போனவனின் பெயரில்தான் விழும். பெஞ்சில் ஐஸ் பையோடு உட்கார்ந்து, தன்னுடைய கடைசி எண்ணை இன்னொருத்தனின் கை எழுதப்போவதை மரியோ பார்த்தான். இருபத்திரண்டு வயதுக்காரன் மேட்டில் ஏறி, காலால் மண்ணைத் தட்டி, எறிந்தான். நல்ல பந்து. ஓரத்தில், தாழ்வாக. பெட்டிக்குள்தான் என்று மரியோவின் கண் சொன்னது. கச்சர் அசையாமல் பிடித்து வைத்துக் காட்டினான்.

அம்பயர் கையைத் தூக்கவில்லை. வோக்.

நான்கு பேருக்கு நான்கு. இந்த வருடம் அறுபத்தெட்டுப் பேருக்குப் பதின்மூன்று. நூற்றுக்குப் பத்தொன்பது. ஒகாயோவில் தொடங்கிய பதினாறையும் தாண்டிவிட்டது. ஹெரன்ஸ் ஆறுக்கு ஐந்து என்று தோற்றது. உடுப்பு மாற்றும் அறையில் எல்லோரும் அவனுக்கு நிறைய இடம் விட்டு நின்றார்கள். சட்டையைக் கழற்றி மடித்து டெனிஸின் மேசையில் வைத்தான். வலது கையால் மடித்ததில் ஒரு கை வெளியே தொங்கியது. அதைத் திருத்த அவன் நிற்கவில்லை.

வேலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தான். கிளடிஸும் மக்டலீனும் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அவன் வந்தது தெரியவில்லை.

"பாவம் பெடியன்" என்றாள் மக்டலீன். "நீ முந்தியே சொல்லிக்கொண்டுதானே இருந்தனி, கை சரியில்லை, எறியிறது சரியில்லை எண்டு. எனக்கெண்டா நீ சும்மா சொல்லுறாய் எண்டு ஒரு எண்ணம் இருந்தது. பதினைஞ்சு வருஷமாய் உப்பிடித்தான் எறிஞ்சவனோ?"

மரியோ நின்றான். அம்மா வழக்கமாகச் சொல்லும் மறுமொழி அவனுக்கு மனப்பாடம். ஓம், என்னத்தை எறிஞ்சான், என்பாள். கிளடிஸ் கதிரையைக் கீழே வைத்தாள். முதுகு நிமிர்ந்தது.

"இரண்டாயிரத்துப் பத்தொன்பதிலை" என்றாள், "என்ரை பிள்ளை நூறு பேருக்கு எறிஞ்சு ஆறு பேரைத்தான் சும்மா விட்டவன். நூற்றுக்கு ஆறு. அந்த லீக்கிலை அவனுக்குக் கீழை ஒருத்தனும் இல்லை. அதுக்கு முதல் வருஷம் எட்டு. அதுக்கு முதல் ஒன்பது. எல்லாம் என்ரை செபப் புத்தகத்துக்கை எழுதி வைச்சிருக்கிறன். இந்த மே மாசம் நாப்பத்திரண்டு பேருக்கு இரண்டு. அந்தக் கையோடை, மக்டலீன். அந்தக் கையோடை இரண்டு."

மக்டலீன் போத்தல் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஆறோ? உது நல்லதெல்லே? அப்ப ஏனடியப்பா ஒருநாளும் வாய் திறக்கேல்லை?"

"சொல்லுறதோ?" கிளடிஸ் செபமாலையைக் கைக்குள் சுருட்டினாள். "இருக்கேக்கை சொல்லுறதோ? இனி ஆற்றை கண் பட்டா என்ன. இனிச் சொல்லலாம்."

அவள் திரும்பியபோது மகனைக் கண்டாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. கதிரையைக் கீழேயே விட்டுவிட்டு அவனிடம் வந்து, ஐஸ் பையைத் தூக்கி எடுத்து, அவனுடைய இடது சின்னவிரலைத் தன் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"இது தெரியுதோ?"

"இல்லை."

மோதிரவிரலைப் பிடித்தாள். "இது?"

"இல்லை, அம்மா."

பின்னால் மக்டலீன் அன்ரி, கதிரைகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரோ தெரிந்த ஒரு பெண்ணிடம் போகிற போக்கில் சொல்லிக்கொண்டு போனாள். "கிளடிஸின்ரை மகன். நூற்றுக்கு ஆறாம், தெரியுமோ?"